எண்பது வயதிலும் கட்ட முடிகிற பிரீமியம்: ஓய்வுக்கால மருத்துவக் காப்பீடு குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஓய்வுக்கால மருத்துவக் காப்பீடு பற்றி வந்த கடிதங்களில் ஆறு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எந்த பாலிசி நல்லது என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள். அந்த பாலிசியை 75 வயதிலும் 80 வயதிலும் தம்மால் புதுப்பிக்க முடியுமா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. முதுமையில் கைவிட நேர்ந்த பாலிசிக்கு அதுவரை கட்டிய பணம் திரும்பி வராது என்பதால், கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

கேள்வி: எனக்கு 56 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். அலுவலகக் குழுக் காப்பீட்டில் நானும் மனைவியும் 5 லட்சம் ரூபாய்க்குச் சேர்க்கப்பட்டிருக்கிறோம். எட்டு ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. 58 வயதில் ஓய்வு. அதற்கு முன்பே தனியாக ஒரு பாலிசி எடுப்பது ஒரே செலவை இருமுறை செய்வதாகாதா?

ஓய்வுபெறும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். பாலிசி எடுக்கும்போதே இருக்கும் நோய்களுக்கும் அவற்றால் விளையும் சிக்கல்களுக்கும் 36 மாதங்கள் வரை இழப்பீடு தராமல் இருக்க நிறுவனங்களுக்கு விதி இடம் தருகிறது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலுக்கு முன் இந்தக் காத்திருப்புக் காலம் 48 மாதங்கள் வரை இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதைக் குறைத்தது. இன்று பாலிசி எடுத்தால் உங்கள் 59-ஆவது வயதில் அந்தக் காலம் முடியும். ஓய்வுபெற்ற பிறகு எடுத்தால் 61 வயதுவரை, அலுவலகக் காப்பீடும் இல்லாமல், சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகக் கோளாறுக்கோ கால் புண்ணுக்கோ ஆகும் முழுச் செலவையும் கையிலிருந்தே செய்ய வேண்டியிருக்கும். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற, முன்பே இல்லாதபோதும் பட்டியலிட்டுத் தள்ளிவைக்கப்படும் சிகிச்சைகளுக்கும் தனிக் காத்திருப்பு உண்டு. அவை எல்லாமே அறுபதை ஒட்டி வருகிற சிகிச்சைகள்தாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே செலவை இருமுறை செய்வது என்ற உங்கள் கவலையை இப்படிப் பாருங்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் மருத்துவமனைச் செலவு வந்தால் அதை அலுவலகக் காப்பீட்டில் கோரலாம். உங்கள் சொந்த பாலிசியில் கிளெய்ம் இல்லாமலே ஆண்டுகள் கழியும். பல பாலிசிகளில் அதற்கு ஊக்கமாகக் காப்பீட்டுத் தொகை ஆண்டுதோறும் கூட்டித் தரப்படுகிறது. இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. ஒரு பாலிசி இடைவிடாமல் 60 மாதங்கள் நடந்துவிட்டால், அதன் பிறகு நிரூபிக்கப்பட்ட மோசடியைத் தவிர, நோயை மறைத்தீர்கள் என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது. அந்த ஐந்தாண்டுக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இதைச் சொன்னதற்காக நோயை மறைத்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சர்க்கரையை எழுதினால் பிரீமியம் கூடும் என்று சொல்லி, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை முகவரே 'இல்லை' என்று நிரப்பும் வழக்கம் இருக்கிறது. விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். உங்களுடைய எட்டு ஆண்டு நோயையும் உட்கொள்ளும் மாத்திரைகளையும், உங்கள் மனைவிக்கு ஏதேனும் இருந்தால் அதையும் எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடலாம். மறைத்து எடுத்த பாலிசியோ, மிகவும் தேவைப்படும் நாளில் கையை விரித்துவிடும்.

அலுவலகத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதியை விதிகள் தருகின்றன. குழுவில் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் வரவு வைக்கப்படும். ஆனால் பணியின் கடைசி நாளோடு குழுக் காப்பீடும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்பதால், ஓய்வுக்குச் சில மாதங்கள் முன்பே மனிதவளத் துறையிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். தனி பாலிசிக்கான உங்கள் விண்ணப்பம் உடல்நிலை காரணமாக நிராகரிக்கப்பட்டால், உங்களுக்கு எஞ்சும் சிறந்த வழி இதுவாகவே இருக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் புதிய பாலிசி எடுப்பதற்கு இருந்த வயதுத் தடை 2024-இல் நீக்கப்பட்டது உண்மையே. ஆயினும், விண்ணப்பித்தவர் ஒவ்வொருவரையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனங்களுக்கு இல்லை.

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. ஓய்வூதியம் கிடையாது. சேமிப்பின் வட்டியில் வாழ்கிறோம். இருவருக்கும் சேர்த்து எடுத்த பாலிசிக்கு இந்த ஆண்டு 40,000 ரூபாய் கட்டினேன். ஒவ்வொரு முறையும் தொகை ஏறுகிறது. இதற்காக மொத்தம் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?

வந்த கடிதங்களில் மிக முக்கியமானது இதுவே. வரவு செலவுத் திட்டத்தில் மின்கட்டணத்தைப் போல மருத்துவக் காப்பீட்டையும் ஒரு நிலையான தொகையாக எழுதிவிடுகிறோம். இது இரண்டு காரணங்களால் ஏறுகிறது. மருத்துவமனைச் செலவுகள் உயர்வதால் நிறுவனம் அந்த பாலிசியின் விலைப்பட்டியலையே அவ்வப்போது மாற்றுகிறது. அத்துடன், நாம் ஒரு வயதுப் பிரிவைக் கடந்து அடுத்ததற்குள் நுழையும்போது நமக்கான கட்டணமும் தாவுகிறது. வயது ஏற ஏற இவை இரண்டும் ஒரே ஆண்டில் சேர்ந்துவருவதும் உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40,000 ரூபாய் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், உங்கள் 71-ஆவது வயதில் கட்ட வேண்டியது சுமார் 1,03,700 ரூபாய். 80-ஆவது வயதில் சுமார் 2,44,600 ரூபாய். இருபது ஆண்டுகளில் கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 22.9 லட்சம். இந்த எண்ணைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். ஒதுக்கி வைக்கும் பணமும் அதற்குள் வளரும் அல்லவா? அது வரி போக ஆண்டுக்கு 7 விழுக்காடு ஈட்டினால், இன்று சுமார் 10.5 லட்சம் ரூபாயை இதற்கென்றே தனியே வைத்தால் இருபது ஆண்டுகளின் பிரீமியமும் அதிலிருந்தே போய்விடும். மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு: பிரீமியம் ஏறும் வேகத்திலேயே பணமும் வளர்ந்தால், இருபது ஆண்டுகளுக்கு இன்றைய பிரீமியத்தின் 20 மடங்கு போதும், பணம் மூன்று விழுக்காடு பின்தங்கினால் 26 மடங்கு வேண்டும். உங்கள் மனைவி உங்களைவிட நான்கு வயது இளையவர் என்பதால், அவருடைய பிற்கால ஆண்டுகளுக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பது நலம்.

10 விழுக்காடு என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண் என்றாலும், அதற்கு ஓர் அடிப்படை உண்டு. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த விரும்பும் நிறுவனம் முதலில் தன்னிடம் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி இறுதியில் ஆணையம் உத்தரவிட்டது. அதற்கு முன் சிலருக்கு ஒரே ஆண்டில் நேர்ந்த பெரிய ஏற்றங்களை எண்ணிப் பார்த்தால் இது பெரிய ஆறுதல். ஆயினும் அதற்கு மேல் ஒருபோதும் ஏறாது என்று அந்த உத்தரவு உறுதியளிக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு அதுவரை இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருக்கிறது. இதுவும் ஒருமுறை கிடைக்கும் குறைவுதான். அடுத்தடுத்த ஏற்றங்களை அது தடுக்காது.

ஒதுக்கும் பணத்தை மற்றச் சேமிப்போடு கலக்காமல் வைப்பதையே நான் வற்புறுத்துவேன். கலந்து வைத்த பணம் பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் வீட்டு மராமத்துக்கும் போய்விடும்; அது குற்றமும் ஆகாது, குடும்பம் என்றால் அப்படித்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரு பகுதியை இதற்கென்று தனிக் கணக்காக வைத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியைச் சேர்த்து ஆண்டு பிரீமியத்தைக் கட்டலாம். தொடக்க ஆண்டுகளில் மிஞ்சும் வட்டியைச் செலவழிக்காமல் திரும்ப முதலீடு செய்ய வேண்டும். மாதாந்திர மாத்திரைகள், இரத்தப் பரிசோதனைகள், பல், கண்ணாடி போன்ற செலவுகளைப் பொதுவாக பாலிசிகள் ஏற்பதில்லை. அவற்றுக்கு வேறு ஒரு தொகை வேண்டும்.

கட்ட முடியாத நிலை வந்துவிட்டால் பாலிசியைக் கைவிடாதீர்கள். அதே நிறுவனத்தில் விலை குறைந்த இன்னொரு பாலிசிக்கு மாறலாம். காப்பீட்டுத் தொகையைக் குறைக்கலாம். ஒவ்வொரு செலவிலும் ஒரு பங்கை நாமே ஏற்கும் கோ-பே நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளலாம். இவற்றில் எது செய்தாலும் கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. வேறு நிறுவனத்துக்கு மாறுவதானால் புதுப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது 45 நாட்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டது எழுத்தில் கைக்கு வரும்வரை பழையதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: தந்தைக்கு 73 வயது, தாய்க்கு 68. தந்தைக்கு ஆயுஷ்மான் அட்டை கிடைத்துவிட்டது. இனி இருவருக்குமான தனியார் பாலிசியை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். 2024 அக்டோபர் 29 அன்று விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்படி, 70 வயதை எட்டிய எவரும் வருமான வரம்பு இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சையைப் பெறலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும், காத்திருப்புக் காலம் இல்லை, பிரீமியமும் இல்லை. எந்த நிறுவனமும் பாலிசி தர முன்வராத முதியவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய துணை. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இந்த அட்டையைப் பெறலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். போன்ற மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

உங்கள் தாய்க்கு 68 வயது என்பதால், 70-ஐ எட்டும்வரை இந்த விரிவாக்கத்தில் அவருக்கு இடமில்லை. தந்தையின் அட்டை அவரைக் காக்காது. அதோடு, இத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே அட்டை செல்லும். உங்கள் தந்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவரும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனை அந்தப் பட்டியலில் உள்ளதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், அட்டையை முதல் அடுக்காகவும் தனியார் பாலிசியை இரண்டாவதாகவும் கருதி, பாலிசியின் தொகையைச் சற்றுக் குறைத்துப் பிரீமியத்தை மிச்சப்படுத்தலாம். அதற்கு மேல் போக வேண்டாம். 73 வயதில் நிறுத்திய பாலிசியைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

கேள்வி: தந்தையின் பாலிசி 5 லட்சம் ரூபாய்க்கானது. மருத்துவமனைக் கட்டணம் 2,40,000 ரூபாய்தான். ஆனால் 1,44,000 மட்டுமே கிடைத்தது. இது முறைதானா?

நீங்கள் அனுப்பிய தீர்வுத் தாளைப் பார்த்தேன். வேதனையாக இருந்தாலும், பாலிசியின் நிபந்தனைகளின்படி கணக்கு சரியாகவே இருக்கிறது. பாலிசியில் அறை வாடகைக்கு நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு. நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை. ஐந்து நாள் வாடகை 40,000-இல் 25,000 மட்டும் ஏற்கப்பட்டது. வெட்டு அதோடு நிற்கவில்லை. பல மருத்துவமனைகளில் அறையின் தரத்தைப் பொறுத்தே மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் செவிலியர் கட்டணமும் நிர்ணயிக்கப்படுவதால், அவற்றையும் நிறுவனம் அதே விகிதத்தில், அதாவது எட்டில் ஐந்து பங்காகக் குறைக்கிறது. 1,20,000 ரூபாய் 75,000 ஆனது. மருந்துகள், பரிசோதனைகள், உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு இந்த விகித வெட்டு கூடாது என்பதால் அந்த 80,000 முழுமையாக ஏற்கப்பட்டது. ஆக மொத்தம் 1,80,000. அதில் மூத்தோர் பாலிசிக்கான 20 விழுக்காடு கோ-பே 36,000 கழிய, மிஞ்சியது 1,44,000.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்துக்கும் விகித வெட்டு கூடாது. அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனைகளிலும் கூடாது. உங்கள் தாளில் இவை இரண்டுமே எழவில்லை. மருத்துவமனையில் சேர்க்கும் அவசரத்தில் அறையைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தாம். 'அப்பாவுக்கு நல்ல அறையாகக் கொடுங்கள்' என்று அன்பினால் சொல்வதே பெருஞ்செலவாகிவிடுகிறது. பாலிசியின் அறை வரம்பை ஒரு தாளில் எழுதிக் காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வையுங்கள். புதிதாக எடுப்பவர்கள், அறை வரம்பு இல்லாத பாலிசி கிடைக்குமானால், காப்பீட்டுத் தொகை சற்றுக் குறைந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டில் ஓய்வுபெற்றவர்களுக்கு ஏற்றது எது?

சூப்பர் டாப்-அப். குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய செலவை மட்டுமே இரண்டும் ஏற்கின்றன. அதனால்தான் பிரீமியம் குறைவு. டாப்-அப் அந்த வரம்பை ஒவ்வொரு மருத்துவமனைச் சேர்க்கைக்கும் தனித்தனியாகப் பார்க்கிறது. சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதும் ஆன செலவைக் கூட்டிப் பார்க்கிறது. அடிப்படை பாலிசி 5 லட்சம், டாப்-அப்பின் வரம்பும் 5 லட்சம் என்றும், ஒரே ஆண்டில் இருமுறை தலா 4 லட்சம் செலவானது என்றும் வைத்துக்கொள்வோம். எந்த ஒரு சேர்க்கையும் 5 லட்சத்தைத் தாண்டாததால் டாப்-அப் எதுவும் தராது. சூப்பர் டாப்-அப்போ, மொத்தம் 8 லட்சத்தில் வரம்பைக் கடந்த 3 லட்சத்தைத் தரும். முதுமையில் ஒரே பெருஞ்செலவைவிட அடுத்தடுத்த சேர்க்கைகளே மிகுதி என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. இதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

வரிச் சலுகை பற்றியும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். 80டி என்று பழகிய சலுகையில் மூத்த குடிமக்களின் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். காப்பீடே இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கும் அதே வரம்பு பொருந்தும். பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே இது உண்டு. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு 66 வயது. என் கணவர் இரண்டு மாதங்களுக்கு முன் காலமானார். பாலிசி வேலைகளை எல்லாம் அவரே பார்த்துவந்தார். பீரோவில் தாள்களை அடுக்கும்போதுதான், எங்கள் இருவருக்குமான மருத்துவ பாலிசியின் புதுப்பிக்கும் நாள் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே கடந்துவிட்டதைப் பார்த்தேன். எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை, அம்மா. ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியம் கட்டும் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டிவிட்டால், நீங்கள் இருவரும் இத்தனை ஆண்டுகள் கட்டிச் சேர்த்த தொடர்ச்சி அறுபடாது. காத்திருப்புக் காலங்கள் மறுபடி தொடங்கா. கட்டாமல் கழிந்த அந்த நாட்களில் ஏற்படும் மருத்துவமனைச் செலவுக்கு மட்டும் காப்பீடு கிடையாது. ஆகவே ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பாலிசியின் உரிமையாளராக உங்கள் கணவரின் பெயர் இருந்தாலும், அதில் சேர்க்கப்பட்டவர் என்ற முறையில் நீங்கள் அதைத் தொடரலாம். பாலிசி எண்ணோடு நிறுவனத்தின் கிளைக்குச் சென்று, கணவர் மறைவைத் தெரிவித்து, உங்கள் பெயருக்கு மாற்றிப் புதுப்பித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். இறப்புச் சான்றிதழின் நகலும் உங்கள் அடையாளச் சான்றும் கையில் இருக்கட்டும். இனி காப்பீடு உங்கள் ஒருவருக்கே என்பதால் பிரீமியமும் அதற்கேற்பக் கணக்கிடப்பட வேண்டும். அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கிளையில் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். அங்கும் 30 நாட்களுக்குள் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தபோது சலுகைக் காலத்தில் பதினொரு நாட்களே மிஞ்சியிருந்தன. இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், இந்தப் பதிலை அன்றே விரைவுத் தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறோம்.